அக்காவின் பெயரில் ஒரு பூச்சி

பதுளை,
ஆவணி மாதம், மழை விட்ட ஒரு புதன்கிழமை.

பெருமதிப்புக்குரிய மூத்த சகோதரி திருமதி பாக்கியலெட்சுமி அவர்களின் சமூகத்துக்கு, தங்கள் ஒரே தம்பி தம்பையா கைகூப்பி எழுதிக்கொள்வது. இங்கு நானும் விசாலாட்சியும் முழங்கால் வலியைத் தவிர வேறு குறையில்லாமல் இருக்கிறோம். அங்கு கூடலூரில் தாங்களும் மகள் சிவசக்தியும் மருமகனும் பிள்ளைகளும் ஒரு குறையும் இல்லாமல் இருக்கக் கதிர்காமத்துக் கந்தன் அருள வேண்டும்.

கையில் போனை வைத்துக்கொண்டு எதற்குக் கடிதம் என்று தாங்கள் கேட்பீர்கள். போன மாதம் நான் போனில் "மழை விழுது" என்றேன். தாங்கள் பாதியை மட்டும் காதில் வாங்கி, "ஐயையோ, யாரு விழுந்தா?" என்று அழ ஆரம்பித்தீர்கள். அடுத்த நாள் காலையில், விசாலாட்சி மாடிப்படியில் உருண்டு விழுந்து படுத்த படுக்கையாகிவிட்டதாகக் கேள்விப்பட்டுக் கூடலூரிலிருந்து மூன்று பேர் விசாரித்தார்கள். எங்கள் வீட்டில் மாடியே கிடையாது. அதனால்தான் எழுத்தில் எழுதுகிறேன். கண்ணாடியைப் போட்டுக்கொண்டு நிதானமாகப் படியுங்கள். சொல்ல வேண்டியது இரண்டு. ஒன்று நல்ல செய்தி. மற்றது அப்படியில்லை, அதைக் கடைசியில் சொல்கிறேன். நல்ல செய்தி என்னவென்றால், தங்கள் திருநாமம் விஞ்ஞானப் பத்திரிகை ஒன்றில் அச்சாகி உலகம் முழுக்கப் போய்விட்டது. ஒரு பூச்சிக்குத் தங்கள் பெயரை வைத்திருக்கிறார்கள். கடிதத்தைக் கீழே வைத்துவிடாதீர்கள், முழுவதையும் படித்த பிறகு திட்டுங்கள்.

ஊசிப்பாறைத் தோட்டத்தில் நம் லயத்து வரிசை வீடுகளுக்கு மேலே, பதினொன்றாம் நம்பர் மலையின் உச்சியில், பெரிய பாறைக்கு அடியில் ஒரு பொந்து இருந்ததே, ஞாபகம் இருக்கிறதா? பெரியவர்கள் அதை நரிப்பொந்து என்று சொல்லிக் கிட்டவே போகமாட்டார்கள். நீங்களும் நானும் மட்டும் வயிற்றால் ஊர்ந்து உள்ளே போய், அங்கே நாலு லயக்காம்பிரா அளவுக்கு இடம் இருப்பதைக் கண்டுபிடித்தோம். மேலே வௌவால், கீழே சதசதவென்று ஈரம். குப்பி லாம்பைத் தூக்கிப் பிடித்தால் சுவரில் வெள்ளை வெளேரென்று பூச்சிகள் ஓடும். ஒரு விரல்கணு நீளம்தான் இருக்கும், ஆனால் மீசை உடம்பைவிட நீளம், பின்னால் நூல் மாதிரி மூன்று வால். அந்த வாலைப் பார்த்துவிட்டு நீங்கள்தான் அதற்குத் துரைசானி என்று பெயர் வைத்தீர்கள். நம் தோட்டத்துத் துரையின் பெண்சாதி மார்கழியில் நத்தார் விருந்துக்குப் போகும்போது கவுன் அப்படித்தான் தரையைக் கூட்டிக்கொண்டு போகும் என்பீர்கள். "டேய், துரைசானி போறாங்கடா, ஒதுங்கி நில்லு" என்று நீங்கள் சொன்னால் நான் நிஜமாகவே தலையில் கட்டியிருந்த துண்டை அவிழ்த்துக் கக்கத்தில் வைத்துக்கொண்டு ஒதுங்கி நிற்பேன்.

பிறகு நான் பதுளைக்கு வந்து, பள்ளிக்கூட நூலகத்தில் உதவியாளனாகச் சேர்ந்து, முப்பத்தோரு வருஷம் உத்தியோகம் பார்த்தது தாங்கள் அறிந்ததுதான். அந்த முப்பத்தோரு வருஷமும் எனக்கு ஒரே எதிரி, புத்தகம் தின்னும் வெள்ளிப்பூச்சி. வெள்ளிமீன் பூச்சி என்று புத்தகத்தில் போட்டிருக்கும், அந்தப் புத்தகத்தையும் அது தின்றிருக்கும். அகராதியில் 'க' வரிசை முழுவதையும் தின்று முடித்த கூட்டம் அது. நானும் ரசக்கற்பூரம் போட்டேன், வேப்பிலை வைத்தேன், புத்தகங்களை வாசற்படியில் பரப்பி வெயிலில் காயவைத்தேன், கடைசியில் கையில் எப்போதும் ஒரு ரப்பர் செருப்பை வைத்துக்கொண்டேன். சத்தம் போடும் பிள்ளைகளைப் பிடித்து உட்காரவைத்து, "எங்க தோட்டத்துக் குகையில இந்தப் பூச்சியோட அண்ணன் தம்பிங்க இருக்காங்க, அவங்களுக்குக் கண்ணே இல்ல, ஆனா ஒரு சத்தம் இருக்காது, கண்ணு ரெண்டும் இருக்குற நீங்க ஏன் இப்படிக் கத்துறீங்க?" என்று கேட்பேன். பிள்ளைகள் சிரிப்பார்கள். ஒரு பிள்ளை மட்டும் சிரிக்காமல், "அதுக்குக் கண்ணு இல்லேன்னு எப்படிப் பார்த்தீங்க?" என்று கேட்டது. அந்தப் பிள்ளையின் பெயர் யசோதினி. பூனாகலைப் பக்கம் லயத்திலிருந்து வந்து விடுதியில் தங்கிப் படித்த பிள்ளை.

இருபது வருஷம் கழித்து, நான் ஓய்வு பெற்று ஒரு வருஷம்கூட முடியாத நேரத்தில், அதாவது போன வருஷம் பங்குனியில், அதே யசோதினி எங்கள் வீட்டு வாசலில் வந்து நின்றாள். இப்போது பல்கலைக்கழகத்தில் பாடம் நடத்துகிறாள், குகைகளுக்குள் வாழும் பூச்சிகளைப் பற்றி ஆராய்ச்சி. விசாலாட்சி கொடுத்த பிளேன்டீயைக்கூடக் குடிக்காமல், "ஐயா, அன்னிக்கிச் சொன்னீங்களே, கண்ணில்லாத வெள்ளிப்பூச்சி, அது நெசமா, இல்ல எங்கள அடக்குறதுக்குச் சொன்னதா?" என்று கேட்டாள். எனக்கு ரோசம் வந்துவிட்டது. "நெசம்தான். எங்கக்கா சாட்சி" என்றேன். "அப்ப காட்டுங்க" என்றாள். அறுபது வயதில் ரோசப்படக் கூடாது அக்கா. வாயைத் திறந்ததன் பலனாக அடுத்த வெள்ளிக்கிழமை காலையில் நான் ஸப்வானின் ஆட்டோவில், ஒரு கையில் டோர்ச்சும் இன்னொரு கையில் விசாலாட்சி கட்டித் தந்த ரொட்டிப் பொட்டலமுமாக ஹல்துமுல்லை வளைவுகளில் குலுங்கிக்கொண்டிருந்தேன். இந்த ஸப்வான் எங்கள் தெருவில் ஆட்டோ ஓட்டும் பையன், பேச ஆரம்பித்தால் பிரேக் பிடிக்க மறந்துவிடுவான். யசோதினியின் மடியில் சின்னச் சின்ன போத்தல்கள், தூரிகை, மூன்று இலாகாக்களின் முத்திரை குத்திய அனுமதிக் கடிதம். அந்தக் கடிதம் நனையக் கூடாது என்று ஆட்டோவின் முன்பெட்டியில் பத்திரமாக வைத்தாள். அந்தப் பத்திரம்தான் பின்னால் எங்களுக்கு ஆபத்தாகப் போய் முடிந்தது.

தோட்டம் நீங்கள் விட்டுப்போன தோட்டம் இல்லை அக்கா. நம் லயத்தில் பாதி மண்சரிவில் போய்விட்டது, மீதியில் தகரம் மாறியிருக்கிறது. பதினொன்றாம் நம்பர் மலையில் தேயிலையைப் பிடுங்கிவிட்டுச் சவுக்கு நட்டிருக்கிறார்கள். பாதை எதுவும் தெரியவில்லை. ஆனால் பீலித் தண்ணீர் விழும் இடத்தில் நின்றதும், நம்பமாட்டீர்கள், என் கால் தானாக இடப்பக்கம் திரும்பியது. அறிவு மறந்ததைக் கால் மறக்கவில்லை. அட்டைகள் மட்டும் அப்படியே இருந்தன. முழங்கால் வரைக்கும் ஏறி, வீட்டு ஆள் திரும்பி வந்ததுபோல் கொண்டாடின. ஒரு மணி நேரம் புதரை விலக்கி விலக்கிக் கடைசியில் பாறையையும் பொந்தையும் கண்டுபிடித்தோம். யசோதினி மீன்குஞ்சு மாதிரி வழுக்கிக்கொண்டு உள்ளே போய்விட்டாள். நான் பின்னாலேயே தலையை விட்டேன், தோளை விட்டேன், அதற்குப் பிறகு வயிறு வந்தது. பத்து வயதில் இந்த வயிறு என்னிடம் இல்லை. முன்னாலும் போக முடியவில்லை, பின்னாலும் வர முடியவில்லை. உள்ளேயிருந்து யசோதினி, "ஐயா, அசையாதீங்க, காத்து அடைக்குது, பூச்சி கலைஞ்சிரும்" என்கிறாள். நான் செத்துக்கொண்டிருக்கிறேன், அவளுக்குப் பூச்சி கலைவதுதான் கவலை.

அந்த நேரத்தில் வெளியே என் பாதி உடம்புக்குப் பின்னால் ஒரு குரல் கேட்டது. "இது யாரு காலு?"

கருப்பம்மா, அக்கா! உங்கள் கூட்டாளி கருப்பம்மா. விறகு பொறுக்க வந்திருக்கிறாள். நான் பொந்துக்குள்ளிருந்தே, "கருப்பம்மாக்கா, நான்தான், தம்பையா, நூலகத்து வேலை பார்த்தேனே" என்று கத்தினேன். விறகைக் கீழே போடும் சத்தம் கேட்டது. பிறகு, "அட நாசமாப் போறவனே, இன்னமும் இந்தப் பொந்தைவிட்டு வெளிய வரலியா நீ?" என்று சிரித்தாள் பாருங்கள், பாறையே அதிர்ந்தது. என் இடுப்புவாரைக் கழற்றச் சொன்னாள். மூச்சை வெளியே விடச் சொன்னாள். நான் விட்டதும், அறுபத்தெட்டு வயதுப் பெண்பிள்ளை, ஐம்பது வருஷம் கொழுந்துக் கூடை சுமந்த உடம்பு, என் இரண்டு காலையும் பிடித்து இழுப்பாள் என்று நான் நினைக்க, பின்பக்கம் காலை வைத்து உள்ளே தள்ளிவிட்டாள். சட்டை கிழிந்தது, மானம் போனது, ஆனால் உள்ளே வந்துவிட்டேன்.

உள்ளே எல்லாம் அப்படியே இருந்தது அக்கா. அதே ஈரம், அதே வௌவால் வாடை, ஒரு பக்கத்தில் நாம் லாம்பு வைத்த கல்லில் இன்னும் கரி இருந்தது. நான் அதைத் தொட்டுப் பார்த்துக்கொண்டு நின்றேன். யசோதினி நெற்றி விளக்கோடு மண்டியிட்டு, தூரிகையை மதுசாரத்தில் நனைத்து, துரைசானிகளை ஒவ்வொன்றாக ஒற்றி எடுத்துப் போத்தலில் விட்டுக்கொண்டிருந்தாள். கையால் பிடித்தால் மீசை ஒடிந்துவிடுமாம், மீசை ஒடிந்தால் விஞ்ஞானத்துக்கு உதவாதாம். இரண்டு பெண் கிடைத்தது. புதிய இனம் என்று சொல்ல வளர்ந்த ஆண் ஒன்று கட்டாயம் வேண்டுமாம். ஒரு மணி நேரம் தேடி, "ஐயா, அசையாதீங்க, உங்க தோளுக்குப் பக்கத்துல பெரிய ஆண் ஒண்ணு, வாலு மூணும் முழுசா இருக்கு, இப்படி ஒண்ணு கெடைக்கவே கெடைக்காது" என்று மூச்சுவிடாமல் சொன்னாள். நான் திரும்பிப் பார்த்தேன். வெள்ளிப்பூச்சி. சுவரில். என் முகத்துக்கு நேராக. நான் ஒன்றும் நினைக்கவில்லை அக்கா, சத்தியமாக நினைக்கவில்லை. முப்பத்தோரு வருஷப் பழக்கம். கை தானாகக் காலுக்குப் போய், செருப்பைக் கழற்றி, பட்டென்று ஒரே அடி.

யசோதினி அழவில்லை. அழுதிருந்தால்கூடப் பரவாயில்லை. "பரவால்ல ஐயா" என்றாள். அந்தப் பரவால்லயை நினைத்தால் இன்றைக்கும் எனக்குச் சோறு இறங்காது.

வெளியே வந்தால் இருபது பேர் கூடி நிற்கிறார்கள், நடுவில் பொலிஸ். பாறைக்கடியில் யாரோ புதையல் தோண்டுவதாகத் தகவல் போயிருக்கிறது. சேறு பூசிய ஒரு பெண், சட்டை கிழிந்து இடுப்புவார் இல்லாத ஒரு கிழவன், டோர்ச், போத்தல்கள். நானே பொலிஸாக இருந்தாலும் பிடித்துத்தான் இருப்பேன். சார்ஜன்ட் நல்ல மனிதர், உடைந்த தமிழில் பேசினார். "என்ன எடுத்தது?" என்று கேட்டார். யசோதினி போத்தலைக் காட்டினாள். அவர் வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்துவிட்டு, "இது எங்க வீட்டு அலுமாரியிலும் இருக்கு. இதுக்கு ஏன் பதுளையில இருந்து வந்தது?" என்றார். அனுமதிக் கடிதம் ஆட்டோவில் இருக்கிறது என்றாள். ஆட்டோ எங்கே? ஸப்வான் ஜும்மாத் தொழுகைக்குப் போய்விட்டான், போனையும் அணைத்து வைத்திருக்கிறான். ஆகவே அவன் வரும்வரைக்கும் எங்களைக் கீழே கொண்டுபோய்ப் பொலிஸ் நிலையத்து வாங்குப் பலகையில் உட்காரவைத்தார்கள். கருப்பம்மா கூப்பிடாமலே ஜீப்பில் ஏறிக்கொண்டாள். தனக்கும் எங்களுக்கும் சேர்த்து டீ கொடுக்கச் சொல்லிச் சார்ஜன்டிடம் கேட்டு வாங்கினாள். நேரம் போக வேண்டுமே என்று யசோதினி, "நீங்களும் சின்ன வயசில அந்தக் குகைக்குப் போயிருக்கீங்களாம்மா?" என்று ஒரு மரியாதைக்குக் கேட்டாள்.

"நான் எதுக்குப் போறேன்" என்றாள் கருப்பம்மா. "அது இவனும் இவன் அக்காவும் போற எடம். கப்பலுக்குப் போற அன்னிக்கி அந்தப் புள்ள அதுக்குள்ளதான் போயி ஒளிஞ்சிருச்சு. லயமே தேடுது, ஆத்துல விழுந்துட்டாளோன்னு அம்மாக்காரி மார்ல அடிச்சிக்கிறா. கடைசியில இவன்தான் காட்டிக்குடுத்தான்."

யசோதினி என்னைப் பார்த்தாள். சார்ஜன்ட் எழுதுவதை நிறுத்திவிட்டு என்னைப் பார்த்தார். "அக்கா இப்ப எங்க?" என்று கேட்டார். "இந்தியா" என்றேன். அவர் வேறெதுவும் கேட்காமல் எனக்கு இன்னொரு டீ போடச் சொன்னார்.

இந்த இடத்தில்தான் மற்ற விஷயம் வருகிறது அக்கா. கடைசியில் சொல்லலாம் என்று நினைத்தேன், பேனா கேட்கவில்லை. கருப்பம்மாவின் மகன் பேஸ்புக்கில் இருக்கிறான், எப்படியும் ஒரு நாள் உன் காதுக்கு வந்துவிடும், அதற்கு முன்னால் நானே சொல்லிவிட வேண்டும். பார், மரியாதையெல்லாம் போய் நீ என்று வந்துவிட்டது. அப்படியே எழுதுகிறேன், அப்போது உன்னை நான் நீ என்றுதானே கூப்பிட்டேன்.

பெரியப்பாவுக்குப் பிள்ளையில்லை. தோட்டத்து ஆட்களை இந்தியாவுக்குத் திருப்பி அனுப்பிய அந்தக் காலத்தில் அவருக்கு இந்தியப் பாஸ்போர்ட் வந்தது, நம் அப்பாவுக்கு வரவில்லை. மனுப் போடும்போதே உன்னைத் தன் மகள் என்று எழுதிவிட்டார், அண்ணன் சொல்லுக்கு அப்பா எதிர்ச்சொல் சொல்லவில்லை. பதினாறு வயதில் ஒரு காகிதம் உன்னை வேறு நாட்டுப் பிள்ளை ஆக்கிவிட்டது. அன்று காலையில் பெட்டி கட்டி, ஆள்கணக்கு எடுக்கும் பெரட்டுக் களத்தில் லொறி வந்து நிற்கிறது, உன்னைக் காணவில்லை. நீ எங்கே என்று எனக்கு மட்டும் தெரியும். நீ என்னிடம் சத்தியம்கூட வாங்கவில்லை, என் கன்னத்தைக் கிள்ளிவிட்டுப் போனாய், அவ்வளவுதான். நான் ஒரு மணி நேரம் வாயைத் திறக்கவில்லை அக்கா. அம்மா அடித்தாள், திறக்கவில்லை. பிறகு பெரியப்பா என்னைத் தனியே கூப்பிட்டு, "தம்பையா, அப்புத்தளைக்கு வா, கோச்சி இஞ்சின்ல உன்னை ஏத்திக் காட்டச் சொல்றேன், டிரைவர் எனக்குத் தெரிஞ்ச ஆளு" என்றார். நான் ரயிலைக் கிட்டத்தில் பார்த்ததே இல்லை. கையை நீட்டி மேலே காட்டிவிட்டேன்.

பெரியப்பாவும் நாலு பேரும் கத்திக்கொண்டே மலை ஏறினார்கள், நானும் பின்னால் போனேன். "பாக்கியம், வா புள்ள, தம்பி சொல்லிட்டான்" என்று பெரியப்பா கூப்பிட்டது எனக்குக் கேட்டது. நாங்கள் பாதி வழி போவதற்குள் நீ இறங்கி வந்துகொண்டிருந்தாய். பாவாடை முழுக்கச் சேறு. யார் முகத்தையும் பார்க்காமல் நேரே போய் லொறியில் ஏறினாய். அப்புத்தளையில் கோச்சி வந்தது. போகிறவர்களும் நிற்பவர்களும் ஒருவரை ஒருவர் பிடித்துக்கொண்டு கதறிய கதறலில் இஞ்சின் எந்தப் பக்கம் நின்றது என்றுகூட எனக்குத் தெரியவில்லை. சிவசக்தியின் கல்யாணத்துக்குக் கூடலூர் வந்தேனே, மூன்று நாள் தங்கினேன், மூன்று நாளும் சொல்ல வாயெடுத்தேன். ஒவ்வொரு தடவையும் நீ "இன்னொரு தோசை வச்சிக்க" என்றாய். மூன்று நாளில் எத்தனை தோசை தின்றேன் என்று உனக்கே தெரியும். அத்தனையும் அதனால்தான்.

மற்றதைச் சுருக்கமாக எழுதிவிடுகிறேன். ஸப்வான் தொழுதுவிட்டு வந்தான், கடிதத்தைக் காட்டினோம், சார்ஜன்ட் மன்னிப்புக் கேட்டு, தன் அலுமாரிப் பூச்சிக்கு மருந்து கேட்டு வழியனுப்பினார். அடுத்த மாதம் இரண்டாவது தடவை போனோம். இந்த முறை யசோதினி என்னை வெளியிலேயே செருப்பைக் கழற்றவைத்து, அந்தச் செருப்பை ஸப்வானிடம் கொடுத்துத் தூரத்தில் நிற்கச் சொன்னாள். வளர்ந்த ஆண் கிடைத்தது. அதற்குப் பிறகு ஒரு வருஷத்துக்கு மேல் அவள் நுணுக்குக்காட்டிக்கு முன்னால் உட்கார்ந்து, மீசையில் எத்தனை கணு, காலில் எத்தனை மயிர், வயிற்றுக்கு அடியில் எத்தனை முள் என்று எண்ணினாள். ஒவ்வொன்றையும் வரைந்தாள். உலகத்தில் வேறெங்கும் இருக்கும் வெள்ளிப்பூச்சிகளோடு ஒத்துப் பார்த்தாள். சில நாள் போன் எடுத்து, "ஐயா, இதோட பின்னங்கால்ல ஒரு முள்ளு வித்தியாசமா இருக்கு!" என்பாள், குழந்தை பிறந்த வீட்டுக் குரலில். நானும் "அப்படியாம்மா, ரொம்பச் சந்தோஷம்" என்பேன். விசாலாட்சி என்னவென்று கேட்பாள். முள்ளு என்பேன். "எங்க குத்திச்சாம்?" என்பாள். கடைசியில் முடிவு வந்தது. இது புதிய இனம். உலகத்தில் இதுவரை யாரும் எழுதி வைக்காத இனம். தேடின வரைக்கும் வேறு எந்தக் குகையிலும் இல்லை, ஊசிப்பாறையின் அந்த ஒரு பொந்தில் மட்டும்தான் இருக்கிறது.

பெயர் வைக்கும் நேரம் வந்ததும் யசோதினி, "ஐயா, உங்க பேரை வைக்கட்டுமா?" என்றாள். நான் அதைச் செருப்பால் அடித்தவன். வேண்டாம் என்றேன். "முதல்ல பார்த்தது எங்கக்கா" என்றேன். பொலிஸ் வாங்கில் கேட்டது அவளுக்கும் நினைவிருந்திருக்கும். பிறகு விளக்கினாள். இந்தப் பெயர்கள் இலத்தீன் பாஷையில் இரண்டு பாகமாம். முதல் பாகம் வம்சப் பெயர் மாதிரி, அது என் வாயில் நுழையாது. இரண்டாவது பாகம்தான் அந்தப் பூச்சியின் சொந்தப் பெயர். ஒரு பெண்ணின் பெயரை வைத்தால் முடிவில் 'ஏ' சேர்க்க வேண்டுமாம். ஆகவே பாக்கியே. விசாலாட்சி அடுப்படியிலிருந்து கேட்டுவிட்டு, "பாக்கியேன்னா யாரோ கூப்பிடற மாதிரியில்ல இருக்கு?" என்றாள். ஆமாம் அக்கா. இனிமேல் ஜப்பானில் ஒருவர், ஜெர்மனியில் ஒருவர், நம் பூச்சியைப் பற்றி எப்போது வாயைத் திறந்தாலும் உன்னைத்தான் கூப்பிடுவார்கள். கட்டுரையில் "வாழிடம்" என்று ஒரு தலைப்பு இருக்கிறது. அதற்குக் கீழே உன் பெயரும் ஊசிப்பாறைத் தோட்டத்தின் பெயரும் ஒரே வரியில் இருக்கின்றன. வேறெங்கும் காணப்படுவதில்லை என்று போட்டிருக்கிறது. பாஸ்போர்ட் கேட்பதற்கு யாரும் அங்கே வரமாட்டார்கள்.

இன்னும் ஒரு குற்றம் மிச்சம் இருக்கிறது. "அக்காகிட்ட சம்மதம் கேட்டுட்டீங்களா?" என்று யசோதினி கேட்டபோது, கேட்டுவிட்டேன் என்று பொய் சொன்னேன். கேட்டால் மற்றதையும் சொல்ல வேண்டிவரும் என்ற பயம். இப்போது அச்சாகி வந்துவிட்டது, இனி மாற்ற முடியாதாம். அதற்குக் கண் இல்லை, நிறம் இல்லை, சாப்பாடு வௌவால் எச்சம். அதற்காகக் கோபித்துக்கொள்ளாதே. படத்தில் பார்க்க அழகாகத்தான் இருக்கிறது. என்னை மன்னிப்பதும் மன்னிக்காததும் உன் இஷ்டம். பதில் எழுதாவிட்டாலும் புரிந்துகொள்வேன். ஆனால் "இன்னொரு தோசை வச்சிக்க" என்று மட்டும் இனிமேல் சொல்லாதே.

விசாலாட்சியின் வணக்கமும், கருப்பம்மாவின் விசாரிப்பும், ஸப்வானின் சலாமும் இத்துடன் வருகின்றன. சிவசக்தி, மருமகன், பிள்ளைகள் அனைவருக்கும் எங்கள் ஆசீர்வாதம். தங்கள் காது குணமாகவும் என் முழங்கால் நிமிரவும் முருகனே துணை.

தங்கள் பாதம் பணியும் தம்பி,
தம்பையா.

பின்குறிப்பு: இந்தக் கடிதத்தை எழுதி, உறையில் போட்டு, முத்திரை ஒட்டி, தபாற்கந்தோர் வாசல்வரைக்கும் போய்விட்டேன். அங்கே நிற்கும்போது கூடலூரிலிருந்து சிவசக்தி எனக்குப் போன் எடுத்தாள். நீங்களும் பக்கத்தில் இருந்தீர்கள். நான் சொல்வதை அவள் உங்கள் காதில் கத்த, நீங்கள் சொல்வதைப் பதுளை பஸ் ஸ்டாண்டே கேட்க, நாம் பேசியது தங்களுக்குத் தெரியும். இருந்தாலும் நான் சரியாகத்தான் கேட்டேனா என்று உறையைப் பிரித்து எழுதிவைத்துக்கொள்கிறேன். யசோதினி என்னை நம்பாமல் மூன்று மாதத்துக்கு முன்பே சிவசக்தியின் நம்பரைத் தேடிப்பிடித்துத் தங்களிடம் சம்மதம் கேட்டுவிட்டாள், தாங்களும் கொடுத்துவிட்டீர்கள். ஆகவே நான் சொன்ன பொய் பொய்யே இல்லை. அடுத்தது, நான் நடு வீதியில் நின்று அழுதுகொண்டு, "அக்கா, நான்தான் உன்னைக் காட்டிக்குடுத்தேன், பெரியப்பா வந்து கூப்பிட்டது என்னாலதான்" என்று கத்தியதற்குத் தாங்கள், "என்னடா ஒளர்ற? நீ எங்க காட்டிக்குடுத்த? பெரியப்பா கூப்பிட்டது எனக்குக் கேக்கவேயில்லையே. அன்னிக்கி லாம்பு கொண்டு போகல, உள்ள ஒரே இருட்டு. அந்தத் துரைசானிப் பூச்சிங்க காலு, கழுத்து, காதுன்னு மேலெல்லாம் ஏறிச்சு. அலறி அடிச்சிக்கிட்டு வெளிய ஓடியாந்துட்டேன். அது மட்டும் ஏறாம இருந்திருந்தா சாயந்தரம் வரைக்கும் உள்ளயே இருந்திருப்பேன், கோச்சியும் போயிருக்கும், நானும் அங்கயே இருந்திருப்பேன்" என்று சொல்லிவிட்டுச் சிரித்தீர்கள். 

ஆகவே மேலே எழுதிய எதற்கும் இனி அவசியம் இல்லை. முத்திரை ஒட்டிவிட்டதால் மட்டும் அனுப்புகிறேன். தாங்கள் சொன்னதை நான் யசோதினியிடம் சொல்லவில்லை அக்கா. தாங்களும் சொல்லிவிடாதீர்கள். கட்டுரையின் கடைசிப் பக்கத்தில், இந்தப் பூச்சியால் மனிதருக்கு இதுவரை எந்தத் தீங்கும் நேர்ந்ததில்லை என்று அந்தப் பிள்ளை எழுதிவிட்டது.